லேசர் கண் சிகிச்சை: ‘வேண்டாம்’ என்ற பதிலுக்கும் தயாராகச் செல்லுங்கள்

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் தேர்வுகள் முடிந்து உயர்கல்விக்கு இடம் தேடும் காலத்தில், என் முன்னாள் மாணவர்கள் எந்தத் துறை, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பார்கள். இப்போதெல்லாம் அவற்றோடு இன்னொரு கேள்வியும் வருகிறது. “சார், லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆபத்து ஒன்றும் இல்லையே?”

நான் மருத்துவன் அல்லன். கிள்ளானில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியன். ஆனால் ஒளிவிலகலும் லேசரும் என் பாடத்தில் வருபவை. கேட்பவர்களும் என் மாணவர்கள். ஆகவே சில ஆண்டுகளாக இதைப்பற்றித் தேடிப் படித்து வருகிறேன். அப்படிப் படித்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிறது. “லேசர் சிகிச்சை ஆபத்தானதா?” என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. “என் கண் இதற்கு ஏற்றதா?” என்று கேட்க வேண்டும். அதற்கு ‘இல்லை’ என்ற பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் மனத்தோடுதான் மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டும்.

கண்ணாடியைக் கழற்ற ஆசைப்படுவதில் தவறில்லை. மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் கண்ணாடி படுத்தும் பாடு தெரியும். பள்ளியில் ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்யப்பட்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. சீருடைப் பணிக்கோ விமானத் துறைக்கோ விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்குப் பார்வைத் தகுதி ஒரு கவலை. பெண்பிள்ளைகள் உள்ள சில வீடுகளில், வரன் பார்க்கத் தொடங்குவதற்குள் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும் என்று பெற்றோரே அவசரப்படுத்துகிறார்கள். இவை எல்லாம் உண்மையான காரணங்கள்தாம். ஆனால் இவற்றில் எதுவும் உங்கள் கண்ணின் நிலையை மாற்றிவிடாது.

சென்னையில் படித்தவரின் கண்டுபிடிப்பு

இந்தச் சிகிச்சையின் அடித்தளத்தில் நாம் பெருமைப்படக்கூடிய ஒரு பெயர் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949-இல் இளங்கலைப் பட்டமும் 1950-இல் முதுகலைப் பட்டமும் பெற்றவர் ரங்கசாமி சீனிவாசன். பிறகு அமெரிக்கா சென்று, ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அங்கே ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளூம் ஆகியோருடன் சேர்ந்து எக்சைமர் லேசரை ஆராய்ந்தார். 1981 நவம்பர் 27-ஆம் தேதி, நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு மறுநாள், விருந்தில் மீந்த வான்கோழி இறைச்சியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து அதன்மீது லேசரைச் செலுத்திப் பார்த்தார். 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அந்தப் புறஊதா ஒளி, சுற்றியிருந்த திசுவைக் கருக்காமல் மிகத் துல்லியமாகச் செதுக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கண் மருத்துவர் ஸ்டீபன் டிராக்கெல் இதைக் கண்ணுக்குப் பயன்படுத்தும் ஆய்வில் இணைந்தார். சீனிவாசனும் அவருடைய இரு சகாக்களும் 2013-இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவிடமிருந்து தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார்கள்.

லேசர் எதைச் செதுக்குகிறது? கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல மூடியிருக்கும் தெளிவான படலத்துக்குக் கார்னியா என்று பெயர். உள்ளே வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதனுடையது. அதன் வளைவைச் சற்றுத் தட்டையாக்கினால் கிட்டப்பார்வை சரியாகும்.

லேசிக் முறையில் கார்னியாவின் மேற்புறத்தில் மெல்லிய மடலை வெட்டித் திறந்து, அடியில் லேசரால் செதுக்கி, மடலை மூடிவிடுகிறார்கள். பிஆர்கே முறையில் மடல் கிடையாது. மேல்தோலை அகற்றிவிட்டுச் செதுக்குவதால், ஆறும்வரை சில நாட்கள் வலி இருக்கும். ஸ்மைல் முறையில் கார்னியாவுக்குள்ளேயே வில்லைபோல ஒரு துண்டை லேசரால் உருவாக்கிச் சிறு துளை வழியாக எடுக்கிறார்கள். மூன்றுக்கும் பொதுவானது ஒன்று: கார்னியாவிலிருந்து திசு எடுக்கப்படுகிறது, எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. மூக்குக்கண்ணாடி பொருந்தவில்லை என்றால் கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். இதில் அப்படி ஒரு வழி இல்லை.

எழுத்துப் பலகை காட்டாதது

சிகிச்சைக்குப் பிறகு 6/6 பார்வை கிடைத்தது என்று விளம்பரங்கள் சொல்லும். பெரும்பாலோருக்கு அது உண்மை. ஆனால் 6/6 என்பது நல்ல வெளிச்சத்தில், வெள்ளைப் பலகையில் உள்ள கறுப்பு எழுத்துகளைப் படிக்க முடிகிறதா என்பதை மட்டும் சொல்லும் எண். இரவு ஒன்பது மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில், மழையில், எதிரே வரும் விளக்குகள் எப்படித் தெரிகின்றன என்பதை அந்த எண் சொல்லாது.

இருட்டில் கண்ணின் பாப்பா விரிகிறது. லேசர் செதுக்கிய வட்டத்தின் ஓரம் வழியாகவும் ஒளி உள்ளே வந்தால், அது நடுப்பகுதியில் வரும் ஒளியோடு ஒரே புள்ளியில் குவியாது. அதனால் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும், நட்சத்திரம்போல் சிதறும் கதிர்களும், கூச்சமும் தோன்றலாம். தீபாவளி நேரத்தில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் எரியும் விளக்குகள் ஒவ்வொன்றும் ஒரு வளையத்தோடு தெரிந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கடைத்தெருவில் அது தொந்தரவுதான். மோட்டார் சைக்கிளில் போகும்போது உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ் 574 பேரை ஆராய்ந்தார்கள். 262 பேர் கடற்படையைச் சேர்ந்தவர்கள், 312 பேர் பொதுமக்கள். முடிவுகள் 2017-இல் மருத்துவ இதழில் வெளிவந்தன. சிகிச்சைக்கு முன் இத்தகைய பார்வைக் குறைகள் எதுவும் இல்லாதவர்களில் 46 விழுக்காடு வரையிலானோர், மூன்று மாதம் கழித்துப் புதிதாக ஒரு குறையையாவது சொன்னார்கள். கண் வறட்சி இல்லாதிருந்தவர்களில் 30 விழுக்காடு வரையிலானோருக்கு வறட்சி புதிதாக வந்திருந்தது.

இந்த எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு பயமுறுத்துவது நேர்மையாகாது. அதே ஆய்வில் 95 விழுக்காட்டினருக்கு மேல் தங்கள் பார்வையில் திருப்தி என்றார்கள். பார்வைக் குறைகளால் அன்றாட வேலைகளைச் செய்ய மிகவும் சிரமப்பட்டவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. முன்பு கண்ணாடியோடும் ஒளிவட்டம் கண்டுவந்த பலருக்கு அது குறைந்தும் போனது. நான் முக்கியமாகக் கருதுவது இன்னொரு செய்தியை. நோயாளிகள் தங்கள் குறைகளை மருத்துவரிடம் நேரில் சொன்னதைவிட இரு மடங்குக்கும் அதிகமாகக் கேள்வித்தாளில் எழுதினார்கள். அப்படியானால், “எங்களிடம் செய்துகொண்ட யாரும் குறை சொன்னதில்லை” என்று ஒரு மையம் சொல்வதை முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

கண் வறட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணீர் சுரப்பைத் தூண்டும் நுண்ணிய நரம்புகள் கார்னியாவில் உள்ளன. லேசிக் மடலை வெட்டும்போது அவற்றில் பல அறுபடுகின்றன. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சீராகிவிடும், சிலருக்கு நீடிக்கும். குளிரூட்டி ஓடும் விரிவுரை மண்டபம், மணிக்கணக்கில் மடிக்கணினி, அதற்குமேல் புகைமூட்ட மாதங்கள் என்று வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கு மாணவருக்கு இது சிறிய விஷயமன்று. கண் ஏற்கெனவே வறண்டிருந்தால் அதை முதலில் குணப்படுத்த வேண்டும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது

அரிதானது, ஆனால் கடுமையானது ஒன்று இருக்கிறது. திசுவை எடுத்த பிறகு கார்னியா வலுவிழந்து, கண்ணின் உள் அழுத்தத்தால் மெல்ல முன்னோக்கிப் பிதுங்கத் தொடங்கலாம். இதற்கு எக்டேசியா என்று பெயர். இது வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வந்தவருக்குச் சாதாரணக் கண்ணாடி உதவாது. கார்னியாவை இறுக்கும் சிகிச்சை, கடினமான ஒட்டுவில்லை, சிலருக்குக் கார்னியா மாற்று அறுவை என்று அது நீளும்.

இயல்பிலேயே கார்னியா கூம்பாகும் கெரட்டோகோனஸ் என்ற நோயின் தொடக்க அறிகுறி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகள், தெற்காசிய வம்சாவளியினரிடம் இந்நோய் வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகம் என்று கண்டன. நம் தாத்தா பாட்டியர் வந்ததும் அந்தத் துணைக்கண்டத்திலிருந்துதான். மேலும் இது தலைகாட்டுவது பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளிலும்தான், அதாவது இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்கள் வயதில். ஒவ்வாமையால் கண்ணை ஓயாமல் கசக்கும் பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பவர் அடிக்கடி ஏறுகிறது, சிதறல் பார்வை கூடுகிறது, கண்ணாடி போட்டும் தெளிவில்லை என்றால் உடனே பரிசோதிக்க வேண்டும்.

கார்னியாவின் தடிமன் ஒரு சாதாரணக் கணக்கு. நீங்களே போட்டுப் பார்க்கலாம். சராசரித் தடிமன் சுமார் 540 மைக்ரான். லேசிக் மடலுக்குச் சுமார் 110 மைக்ரான் போகும். ஒரு டயாப்டரைத் திருத்த ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் செதுக்க வேண்டும். நாம் ‘பவர் 400’ என்று சொல்வது 4 டயாப்டர். டயாப்டருக்கு 14 என்று வைத்தால் 56 மைக்ரான். மடலையும் இதையும் கழித்தால் 374 மிஞ்சும். குறைந்தது 250 மைக்ரானாவது தொடாமல் மிஞ்ச வேண்டும் என்பது பழைய வரம்பு. பல மருத்துவர்கள் 300-க்குக் கீழே போக விரும்புவதில்லை. எனவே இது வசதியான நிலை. இப்போது பவர் 900, தடிமன் 500 என்று வையுங்கள். மடலுக்கு 110, செதுக்க 126. மிஞ்சுவது 264. மருத்துவரும் அவரே, இயந்திரமும் அதுவே. கண் மாறியதும் ஆபத்தும் மாறிவிட்டது. தடிமன் போதுமானதாக இருந்தாலும் வடிவம் கோணலாக இருந்தால் அதுவும் ஆபத்துதான். அதனால்தான் கார்னியாவின் மேடுபள்ளங்களை வரைபடமாக எடுக்கும் பரிசோதனை கட்டாயம் தேவை.

என்னிடம் படித்த மாணவி ஒருவர் கோலாலம்பூரில் ஒரு மையத்துக்குப் போனார். அரை மணி நேரத்தில் “செய்யலாம்” என்றார்களாம். அந்த வாரமே முன்பணம் கட்டினால் கழிவும் உண்டு. அவருடைய அம்மாவுக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. வேறொரு கண் நிபுணரிடம் அழைத்துச் சென்றார். அங்கே இரு கண்களையும் வரைபடம் எடுத்ததில், ஒரு கண்ணில் கார்னியாவின் கீழ்ப்பகுதி வழக்கத்துக்கு மாறாகச் செங்குத்தாக இருந்தது தெரிந்தது. லேசர் வேண்டாம், கண்ணைக் கசக்காதே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வா என்று சொல்லி அனுப்பினார் அந்த மருத்துவர். அந்தப் பெண் ஏமாற்றத்தில் அழுதுவிட்டார். ஆனால் அவருக்கு அந்த நாளில் கிடைத்த மிகச் சிறந்த சிகிச்சை அந்த ‘வேண்டாம்’தான் என்று நான் நினைக்கிறேன்.

வயதும் காத்திருப்பும்

அமெரிக்காவில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்த லேசிக் லேசருக்கும் அனுமதி இல்லை. இதற்குக் காரணம், வளரும் வயதில் பவர் மாறிக்கொண்டே இருப்பது. கடந்த ஓராண்டில் அரை டயாப்டருக்கு மேல் மாறாதிருந்தால்தான் பார்வை நிலைத்துவிட்டது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். நிலைக்காத கண்ணில் செய்தால், சில ஆண்டுகளில் மறுபடியும் கண்ணாடிக் கடைக்குப் போக நேரும். எனவே பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் கண் நிலைத்துவிட்டது என்பதற்கு அவையே சான்று.

சிலம்பம், கபடி, தேக்வாண்டோ போன்றவற்றில் ஈடுபடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். லேசிக் மடல் ஒட்டிக்கொண்டாலும் பழைய வலுவோடு ஆறுவதில்லை. முகத்தில் பலமாக அடிபட்டால் பல ஆண்டுகள் கழித்துங்கூட இடம்பெயரலாம். சீருடைப் பணிக்காகச் செய்ய நினைப்பவர்கள், எந்த முறையை ஏற்கிறார்கள், எவ்வளவு காலம் கழித்து விண்ணப்பிக்கலாம் என்று அந்தத் துறையிடமே முதலில் கேளுங்கள்.

லேசர் கிட்டப்பார்வையைக் குணப்படுத்திவிடுகிறது என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. அது முன்பக்க வளைவை மட்டுமே மாற்றுகிறது. நீண்டுபோன கண் நீண்டபடியேதான் இருக்கும். ஆகவே அதிகப் பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை பிரியும் அபாயம் லேசருக்குப் பிறகும் உண்டு; ஆண்டுதோறும் பரிசோதனை தேவை. கார்னியா மெலிந்த கண்ணில் உள் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். குளுக்கோமா நோய் கவனிக்கப்படாமல் போகலாம். முதுமையில் கண்புரை அறுவைக்குச் செயற்கை வில்லையின் அளவைக் கணக்கிடவும் பழைய அளவுகள் உதவும். சிகிச்சைக்கு முந்தைய அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். நாற்பதை நெருங்கும்போது படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேட்பது உங்கள் உரிமை

“ஒட்டுவில்லையில் மட்டும் ஆபத்து இல்லையா?” என்று சிலர் கேட்பார்கள். உண்டு. ஒட்டுவில்லையோடு தூங்குவதும் குழாய்நீரில் கழுவுவதும் பார்வையையே பறிக்கும் தொற்றைக் கொண்டுவரக்கூடும். எனவே ஆபத்தே இல்லாத வழியை நான் சொல்லவில்லை. எதை ஏற்கிறோம் என்று தெரிந்து ஏற்க வேண்டும் என்கிறேன். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்மணிக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை. 1984-இல் அந்தக் கண்ணில் அறுவை செய்துகொண்டார். நல்ல கண்ணுக்கு ஏதும் ஆகுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். ஏறத்தாழ 14,000-இல் ஒருவருக்கு வரக்கூடிய ஒரு சிக்கலை மருத்துவர் சொல்லவில்லை. அந்தச் சிக்கல் அவருக்கே வந்தது. நல்ல கண்ணின் பார்வையும் போயிற்று. ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் எனப்படும் அந்த வழக்கில், நோயாளியின் இடத்தில் இருப்பவர் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்தை மருத்துவர் சொல்லியாக வேண்டும் என்று 1992-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1982-இல் சாலை விபத்தில் சிக்கி, அறுவைக்குப் பிறகு முடங்கிப்போன ஃபூ ஃபியோ நா என்பவரின் வழக்கில், நம் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் இதே அளவுகோலை ஏற்றது. ஆபத்துகளை எடுத்துச் சொல்லும் கடமைக்கு அது பொருந்தும் என்று 2017-இல் மீண்டும் உறுதிசெய்தது.

ஆகவே கேள்வி கேட்பதற்குத் தயங்காதீர்கள். 18 வயதாகிவிட்டால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடப் போவது நீங்கள்தான். குறைந்தது இவற்றையாவது கேளுங்கள்:

1. என் கார்னியாவின் தடிமன் எவ்வளவு? வரைபடத்தில் சந்தேகத்துக்குரியது ஏதும் உண்டா? செதுக்கிய பிறகு எவ்வளவு மிஞ்சும்?

2. இருட்டில் என் பாப்பா எவ்வளவு விரிகிறது? இரவில் வண்டி ஓட்டுவது பாதிக்கப்படுமா?

3. எனக்கு இப்போதே கண் வறட்சி இருக்கிறதா?

4. எனக்கு ஏன் இந்த முறை? மற்ற முறைகள் ஏன் வேண்டாம்?

5. அறுவை செய்யப்போவது யார்? பிறகு சிக்கல் வந்தால் அவரே பார்ப்பாரா? மறுசிகிச்சைக்குக் கட்டணம் உண்டா?

பரிசோதனைக்குப் போகுமுன் மென்மையான ஒட்டுவில்லையைக் குறைந்தது இரண்டு வாரமும், கடினமானதை அதற்கும் கூடுதலான நாட்களும் அணியாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் கார்னியா அழுந்திய வடிவத்திலேயே இருக்க, அளவுகள் தப்பாகிவிடும். அணிந்தபடியே போனவரிடம் எதுவும் கேட்காமல் அன்றே நாள் குறித்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

மருத்துவர் கண் நிபுணர்தானா என்பதைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம். மருத்துவச் சேவை விளம்பரங்களுக்கு மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும். கேகேஎல்ஐயு என்று தொடங்கும் எண் விளம்பரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மருத்துவக் காப்புறுதித் திட்டங்கள் இந்தச் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. சில ஆயிரம் வெள்ளி உங்கள் கையிலிருந்துதான் போகும். இரண்டாவது மருத்துவரின் கருத்துக்கு ஆகும் சில நூறு வெள்ளியைச் செலவு என்று எண்ணாதீர்கள். பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை இருக்கிறது. மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் கண் பிரிவு உண்டு. கேட்க இடமில்லை என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் சொல்ல முடியாது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பரிசோதனை எல்லாம் நன்றாக வந்து, பார்வை நிலைத்து, ஆபத்துகளைத் தெரிந்துகொண்டு, “எனக்கு இது வேண்டும்” என்று முடிவெடுப்பவர்களை நான் தடுக்க மாட்டேன், மகிழ்ச்சியோடு வாழ்த்துவேன். ஆனால் தோழி செய்துகொண்டாள், கழிவு இந்த வாரத்தோடு முடிகிறது, கல்யாணம் வருகிறது என்பவை கண்ணுக்குத் தெரியாத காரணங்கள். கார்னியா அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அது ஓராண்டு காத்திருந்தால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை. அதற்குள் ஒருமுறை முழுமையான கண் பரிசோதனை செய்துகொண்டு, உங்கள் அளவுகளைத் தாளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் பேச வேண்டியது அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான்.